பலசாலிப் பெண்ணை எப்படி வரைவது?

திருச்சியில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏழு வயதிலிருந்து பதினைந்து வயது வரை வருவார்கள். "பலசாலியான ஒரு பெண்ணை வரையுங்கள்" என்று சொன்னால் அநேகமாக எல்லாத் தாளிலும் ஒரே பெண்தான் வந்து நிற்பாள். கால்களை அகட்டி, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையில் வாளோ வில்லோ ஏந்தி, புருவத்தை நெரித்துக்கொண்டு நிற்பாள். முதுகில் ஒரு துணி பறக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது.

இந்தப் படத்தில் நான் காணும் குறை தொழில் சார்ந்தது. அந்தப் பெண் எதையும் தூக்கவில்லை, தள்ளவில்லை, தாங்கவில்லை. எதிரில் ஒன்றுமே இல்லாத இடத்தில் பலம் எப்படித் தெரியும்? பாரத்தை வரையாமல் பலத்தை வரைய முடியாது. இதைப் பலகையில் எழுதிப்போட்டால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். அதனால்தான் வகுப்பு முடிந்த பிறகு அனிமேஷன் படங்களைப் போட ஆரம்பித்தேன். நடிகை என்றால் உடம்போடு எடையும் தானாக வந்துவிடுகிறது, கேமரா பிடித்தால் போதும். அனிமேஷனில் எடை என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வோர் அசைவிலும் அதை வைத்தாக வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினால், அந்தக் கதாநாயகியின் பலம் எந்த வகை என்பது பிடிபட்டுவிடும்.

தொடங்குவதற்கு 'முலான்' (1998) வசதியான படம். பிள்ளைகள் எதிர்பார்க்கும் போர், குதிரை, வாள் எல்லாம் அதில் உண்டு. சீனத்துப் பழங்கதைப்பாடலில் வரும் பெண் அவள். வயதான தந்தைக்குப் பதிலாக ஆண்வேடமிட்டுப் படைக்குப் போகிறாள். பயிற்சி முகாமில் உயரமான ஒரு கம்பம், அதன் உச்சியில் ஓர் அம்பு. இரண்டு மணிக்கட்டிலும் கனத்த உலோக எடைகளைக் கட்டிக்கொண்டு ஏறி அம்பை எடுத்துவர வேண்டும். தடித்தடியான ஆட்கள் எல்லாம் வழுக்கி விழுகிறார்கள். 'நீ லாயக்கில்லை, வீட்டுக்குப் போ' என்று சொல்லப்பட்ட பிறகு, முலான் அந்த எடைகளைக் கம்பத்தைச் சுற்றி வீசி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறாள். அதுவரை கீழே இழுத்துக்கொண்டிருந்ததே பிடிமானமாகிவிடுகிறது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்துவேன். "எடை இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்பேன். "கையில்" என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்தால் ஒருவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்பார். உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது, உள்ளங்கால்கள் கம்பத்தை உதைக்கின்றன. எடை பாதத்தில் இருக்கிறது! உடனே எல்லோரும் அதைக் குச்சிக்கோடுகளில் வரைய வேண்டும். முகம் வரையக் கூடாது. இது எங்கள் வகுப்பின் சட்டம். முகத்தை முதலில் வரைந்தால் புருவத்தை நெரித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். பிற்பாடு அரண்மனைக்குள் நுழைய அவளுடைய தோழர்கள் இடுப்புத்துணியைத் தூணில் சுற்றி அதே முறையில் ஏறுவார்கள். அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு ஒரு கடலை மிட்டாய். அதே சண்டையில் எதிரியின் வாளை முலான் ஒரு விசிறியால் பறிப்பதையும் கவனிக்கச் சொல்வேன். இந்தப் பெண்ணின் பலம் கையிருப்பில் உள்ளதை வேறு விதமாகப் பயன்படுத்துவதில் இருக்கிறது.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தில்தான் வகுப்பு இரண்டுபட்டது. பெர்லினில் தங்கக் கரடி விருதும் பிறகு ஆஸ்கரும் பெற்ற படம் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பொருட்டில்லை. கதாநாயகி சிஹிரோவுக்குப் பத்து வயது. மெலிந்த கால்கள், தொளதொளத்த சட்டை, எப்போதும் ஒரு சிணுங்கல். சுரங்க வழிக்குள் போகும்போதே அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். "அழுமூஞ்சி" என்று என் வகுப்புப் பையன்கள் உடனே பெயர் வைத்துவிட்டார்கள். மியாசாகி தம் நண்பர்களின் பத்து வயது மகள்களை மனதில் வைத்து எடுத்த படம் இது. அழகியையோ வீராங்கனையையோ வரைய அவர் விரும்பவில்லை, அக்கம்பக்கத்தில் பார்க்கக்கூடிய ஒரு பிள்ளையை வரைந்திருக்கிறார்.

பெற்றோர் பன்றிகளாகிவிட, தெய்வங்கள் குளிக்க வரும் ஒரு பிரம்மாண்டமான குளியல் விடுதியில் சிஹிரோ மாட்டிக்கொள்கிறாள். கொதிகலன் அறைக்குப் போகச் செங்குத்தான மரப்படிகளில் இறங்க வேண்டும். கைப்பிடி இல்லை. முதல் சில படிகளை உட்கார்ந்தபடியே, காலை நீட்டித் துழாவி இறங்குகிறாள். இந்த இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வேன். பயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரிய பிள்ளைகள்கூட முகத்தைப் பார்ப்பார்கள். சின்னப் பெண் ஒருத்தி மட்டும் "கால் கட்டைவிரலில்" என்றாள். அவ்வளவு சரியான பதிலை நானே சொல்லியிருக்க மாட்டேன். பிறகு ஒரு படி உடைகிறது, அவள் கத்திக்கொண்டே தடதடவென்று ஓடிப் போய்ச் சுவரில் மோதுகிறாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

அடுத்து வருகிறது கரி. கரித்தூள் உருண்டைகள் போன்ற குட்டி உயிர்கள் ஆளுக்கொரு நிலக்கரித் துண்டை அடுப்புக்குச் சுமந்து போகின்றன. ஒன்று பாரம் தாங்காமல் அடியில் நசுங்கிவிடுகிறது. சிஹிரோ அந்தத் துண்டைத் தூக்கிவிடுகிறாள். தூக்கியபின்தான் அது எவ்வளவு கனம் என்று தெரிகிறது. எங்கே வைப்பது என்று கேட்கிறாள். ஆறு கைகளோடு வேலை செய்யும் கொதிகலன் தாத்தா, எடுத்த வேலையை முடி என்கிறார். முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, தள்ளாடித் தள்ளாடி அடுப்பு வரை கொண்டுபோய்ப் போடுகிறாள். உடனே மற்ற உருண்டைகளெல்லாம் தங்கள் கரியைத் தங்கள் தலைமேலேயே போட்டுக்கொண்டு நடிக்க ஆரம்பிக்கின்றன. உதவி செய்ய ஆள் வந்துவிட்டால் நடப்பது எங்கும் இதுதானே!

இந்தக் காட்சிக்குப் பிறகு ஒரு பயிற்சி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒரு பிள்ளையை மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கிப் போகச் சொல்வேன். மற்றவர்கள் வரைய வேண்டும். பின்னர் அதே வாளியைக் காலியாகக் கொடுத்து, நிறைந்திருப்பதுபோல் நடிக்கச் சொல்வேன். நடிப்பவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள், வாளி பிடித்த கையை முறுக்குவார்கள். உண்மையில் தூக்கும்போது முகம் சாதாரணமாகத்தான் இருக்கும். சும்மா இருக்கும் மறுகை பக்கவாட்டில் விரியும், உடம்பு அந்தப் பக்கம் சாயும், நடை குறுகும். பாரம் சுமப்பவரின் பலம் பாரம் இல்லாத கையில்தான் தெரிகிறது. வீட்டில் குழந்தைகளோடு படம் பார்ப்பவர்கள் இதை ஒரு முறை செய்துபாருங்கள், செலவில்லாத பயிற்சி. தரை வழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியல் விடுதியை நடத்தும் சூனியக்காரி யுபாபா, சிஹிரோவின் பெயரையே பறித்துக்கொண்டு 'சென்' என்று ஒற்றைச் சொல்லை மிச்சம் வைக்கிறாள். அங்கே அவளுக்கு உதவும் ஹாகு என்ற பையன் கொடுக்கும் சோற்று உருண்டையைச் சாப்பிடும்போது சிஹிரோவுக்குக் கண்ணீர் பெருகுகிறது. ஒவ்வொரு சொட்டும் திராட்சை அளவு இருக்கும். "பார்த்தீர்களா மிஸ், மறுபடியும் அழுகிறாள்" என்றான் ஒருவன். "அழுதுகொண்டே சாப்பிடுகிறாள் பார், சாப்பாட்டை நிறுத்தவில்லை" என்றாள் 'ஃப்ரீஹேண்ட் லோயர்' என்ற அரசு ஓவியத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெண். அந்தச் சண்டையில் நான் தலையிடவில்லை. சாப்பிட்டு முடித்தவள் வேலைக்குத்தான் போகிறாள்.

நாற்றம் பிடித்த சேற்று தெய்வம் ஒன்று குளிக்க வரும் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் விலாவில் ஏதோ முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பதைச் சிஹிரோ கண்டுபிடிக்கிறாள். கயிறு கட்டி விடுதியே சேர்ந்து இழுக்க, ஒரு சைக்கிள் வெளியே வருகிறது, பின்னால் ஒரு ஊரின் குப்பையே வருகிறது. வந்தது உண்மையில் ஒரு நதித் தெய்வம். மியாசாகி தாம் ஆறு சுத்தம் செய்யப் போனபோது சைக்கிளை இழுத்து எடுத்த அனுபவத்திலிருந்து பிறந்த காட்சி இது. உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கவனிக்க வேண்டியது, இழுத்தது நூறு பேர், முள்ளைப் பார்த்தது ஒருத்தி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றபோது பக்கத்தில் போய்ப் பார்த்ததுதான் அவள் செய்த காரியம்.

கடைசியில் பெற்றோரை மீட்டுத் திரும்பும்போது சுரங்க வழியில் மறுபடியும் அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்கியபடிதான் நடக்கிறாள். தொடக்கத்தில் பார்த்த அதே நடை. "அப்படியென்றால் இவள் மாறவே இல்லையா?" என்று கேட்டேன். "அம்மா பக்கத்தில் இருந்தால் பிடித்துக்கொள்ளத்தானே செய்வாள்" என்றது ஒரு ஏழு வயது. நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

மியாசாகியின் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989) ஓவியம் கற்பவர்களுக்கு என்றே எடுத்ததுபோல் இருக்கும். எய்கோ கடோனோ 1985இல் எழுதிய சிறுவர் நாவலிலிருந்து வந்தது. பதின்மூன்று வயது சூனியக்காரி கிகி, கருப்புப் பூனையோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒரு ரொட்டிக்கடை மாடியில் தங்கி, துடைப்பத்தில் பறந்து பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள். மழையில் நனைந்து, கொண்டுபோன பலகாரத்தை வாங்கிய பெண் முகம் சுளிக்க, காய்ச்சலில் படுக்கிறாள். சில நாளில் பறக்கும் சக்தியே போய்விடுகிறது. எதிரி யாரும் பறிக்கவில்லை, தானாகவே போய்விடுகிறது.

காட்டில் தனியாக வாழும் ஓவியப் பெண் ஒருத்தி அவளைத் தன் குடிலுக்கு அழைத்துப் போகிறாள். தனக்கும் வரைய வராமல் போனதுண்டு என்கிறாள். அப்போது என்ன செய்வாய் என்று கிகி கேட்க, வரைவதை நிறுத்திவிட்டு நடக்கப் போவேன், வேடிக்கை பார்ப்பேன், பகலில் தூங்குவேன், ஒன்றும் செய்யாமல் இருப்பேன் என்கிறாள். ஃப்ரீஹேண்ட் லோயர் பெண் இந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேர்வு நெருங்க நெருங்க அவள் கை இறுகிக்கொண்டே வந்தது. கோட்டுக்குக் கோடு ரப்பர் போட்டுத் தாளே கிழியும். அவள் அம்மாவிடம் பேசி, சில வாரங்கள் அவளைப் பிரஷ் கழுவவும் சிறு பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கவும் மட்டும் வரச் சொன்னேன். "இதற்கா ஃபீஸ் கட்டுகிறேன்?" என்று அந்த அம்மா கேட்டது நியாயம்தான். அந்த மாதத்துக்கு வாங்கவில்லை. ஒரு நாள் சீவிய பென்சிலின் சுருளைப் பார்த்து அவளாகவே வரைய ஆரம்பித்தாள். தேர்விலும் தேறினாள், ஆனால் அந்தச் சுருள் வரைபடம்தான் என்னிடம் இருக்கிறது.

கிகிக்குச் சக்தி திரும்பும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அவள் துடைப்பம் உடைந்துபோனது. தெருக்கூட்டுபவரிடம் கடன் வாங்கிய முரட்டு பிரஷ்ஷில் ஏறுகிறாள். தலைமயிரும் பாவாடையும் காற்றில் உப்ப, ஒரு கணம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு கிளம்புகிறது, நேராகப் போகாமல் சுவரில் இடித்து, சறுக்கி, கோணலாக. ராஜகம்பீரமாகப் பறக்கவிட்டிருந்தால் கதை பொய்யாகியிருக்கும்.

பெரிய ஹாலிவுட் படங்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. பெண்ணின் மணிக்கட்டைவிட அவள் கண் பெரிதாக இருக்கிறது. 'ஃப்ரோஸன்' (2013) படத்தின் அக்கா தங்கை இருவருக்கும் முடியையும் உடையையும் மாற்றிவிட்டால் யார் எவர் என்று சொல்வது கடினம். அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியுமா? பிள்ளைகளிடம் அந்த உருவத்தின் உயரத்தில் எத்தனை தலை அடங்கும் என்று அளந்து பார்க்கச் சொன்னால் அவர்களே சிரித்துவிடுவார்கள். இருந்தாலும் 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சிக்காகக் கோபத்தை ஒத்திவைப்பேன். எல்லோரையும் இழந்துவிட்டோம் என்று நினைக்கும் தங்கை ஆனா, குகைக்குள் தரையில் கிடக்கிறாள். எழுவதற்கே மனமில்லை. அடுத்துச் செய்ய வேண்டிய சரியான ஒன்றை மட்டும் செய்வோம் என்று பாடியபடி ஒரு அடி வைக்கிறாள். அக்கா எல்சாவின் பனிக்கோட்டையைவிட அந்த ஒரு அடியை வரைவது கஷ்டம். பெரிய பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகவே கொடுத்திருக்கிறேன்.

'பிரேவ்' (2012) போட்ட அன்று பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்கள் நின்று பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்து இளவரசி மெரிடா வில்லாளி. பிக்ஸார் நிறுவனத்தின் படங்களில் ஒரு பெண்ணை மையமாக வைத்து வந்த முதல் படம். தம் மகளை மனதில் வைத்து இந்தக் கதையை உருவாக்கிய பிரெண்டா சாப்மன் இயக்கத்திலிருந்து பாதியில் விலக்கப்பட்டார், ஆஸ்கர் கிடைத்தபோது அதில் அவர் பெயரும் இருந்தது. பிள்ளைகள் வில்லைப் பார்த்தார்கள். அம்மாக்கள் பார்த்தது ராணி எலினோரை. கூடத்தில் ஆண்கள் எல்லோரும் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். அவள் எழுந்து நடுவில் நடக்கிறாள், அவ்வளவுதான். முதுகு நேர், கைகள் முன்னால் கோத்திருக்கின்றன, குரல் இல்லை. கூட்டம் தானாகப் பிரிகிறது. திரும்பி வரும்போது கணவனையும் தலைவர்களையும் காதைப் பிடித்து இழுத்து வருகிறாள். "எங்கள் வீட்டில் மாமியார் இப்படித்தான் நடப்பார்" என்றார் ஒரு அம்மா, பாராட்டாகத்தான் என்று நினைக்கிறேன். பின்னால் மெரிடா அதே கூடத்தில் அதே நடை நடக்கிறாள். வாளால் கிழித்த திரைச்சீலையை, வெறுத்த ஊசியாலேயே, குதிரைமேல் உட்கார்ந்து தைக்கிறாள்.

'தி பிரெட்வின்னர்' (2017) பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், அதுவும் பெற்றோரிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் எடுத்தது, இயக்கம் நோரா டூமி. தாலிபான் ஆட்சியில் காபூல். தந்தையைச் சிறைக்கு இழுத்துப்போன பிறகு, பதினொரு வயது பர்வானா முடியை வெட்டிக்கொண்டு பையனாகச் சந்தைக்குப் போகிறாள். ஆண்வேடம் என்றதும் பிள்ளைகளுக்கு முலான் நினைவு வரும். ஆனால் இவளுக்கு வாள் கிடையாது, படிக்கத் தெரியும். முரட்டு உருவம் கொண்ட ஒருவர் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அதில் அவர் மனைவி இறந்த செய்தி. அவள் அதைப் படித்துச் சொல்கிறாள். பிறகு அவர் அவளிடமே எழுத்துக் கற்க வருகிறார். இந்தக் காட்சியை வரையச் சொன்னபோது ஒரு பையன் கடிதத்தைப் பெரிதாகவும் இரண்டு பேரையும் சின்னதாகவும் வரைந்திருந்தான். அளவு தப்பு என்று திருத்தக் கை போயிற்று, திருத்தவில்லை.

ஜப்பானியப் படங்களை மூலமொழியில் ஆங்கில எழுத்துகளோடு போட்டால் சிறு பிள்ளைகளால் படித்துத் தொடர முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே போவேன், முக்கியமான இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். "யார் உனக்குப் பிடித்தவள்?" என்று கேட்காதீர்கள். உடையின் நிறத்தைச் சொல்வார்கள். "எப்போது ரொம்பப் பயந்தாள்?" என்று கேளுங்கள். ஒரு படத்தை ஒரே மூச்சில் பார்க்கவும் விடுங்கள், நிறுத்தி நிறுத்திக் காட்டுவதெல்லாம் இரண்டாம் முறைக்குத்தான். இல்லாவிட்டால் பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

இசாவோ தகஹாதாவின் 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா' (2013) படத்தில் ஓர் ஓட்டம் வரும். தன்னை ஒரு பொருளாகப் பேசும் விருந்தாளிகளைக் கேட்டுவிட்டு, அடுக்கடுக்கான பட்டாடைகளை ஒவ்வொன்றாக உதறியபடி இளவரசி நிலவொளியில் ஓடுகிறாள். அதுவரை மென்மையாக இருந்த கோடுகள் கரித்துண்டால் கிறுக்கியதுபோல் உடைந்து போகின்றன. கை, கால், முகம் எதுவும் சரியாக இல்லை. ரப்பர் போட்டுப் போட்டுத் தாளைக் கிழிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். ஓடியவள் திரும்பவும் அதே அறையில்தான் கண்விழிக்கிறாள். தப்பிக்க முடியாதவளைப் பலசாலி என்று சொல்லலாமா என்ற வாதம் எங்கள் வகுப்பில் இன்னும் முடியவில்லை.

முடியாத இன்னொரு வாதம் 'பிரின்சஸ் மோனோனோகே' (1997) பற்றியது. ஓநாய்கள் வளர்த்த சான் காட்டுக்காகக் கத்தியோடு பாய்கிறாள். இரும்பு உருக்கும் ஊரை நடத்தும் எபோஷி, விலைமாதர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு உலைத்துருத்தியில் வேலை கொடுத்திருக்கிறாள், தொழுநோயாளிகளுக்குத் தன் தோட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறாள். அதே எபோஷிதான் காட்டை அழிக்கிறாள், காட்டின் தெய்வத்தைச் சுடுகிறாள். யார் பலசாலி என்றதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. துருத்தி மிதிக்கும் பெண்களை எல்லோரும் மறந்துவிட்டார்களே என்று ஒருத்தி மூன்றாவது கட்சி ஆரம்பித்தாள். துருத்தியை மிதிக்கும் காலை வரைய அவளுக்கு இன்னும் வரவில்லை. அதற்காக அடுத்த வாரம் ஒரு பழைய தையல் மிஷினை மாடிக்கு ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். படம் இரண்டேகால் மணி நேரம் ஓடும், நடுவில் இடைவேளை விடுங்கள். கைகளும் தலைகளும் துண்டாகி விழும் காட்சிகள் இருப்பதால் சிறு பிள்ளைகளை அன்றைக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.